வெள்ளரிக்கா என்னும் படகு

மீன்பிடித் தடைக்காலத்தின் இரண்டு மாதங்களில்தான் எங்கள் சமுதாயக் கல்லூரிக்கு மீனவர்கள் வருவார்கள். ஆழ்கடல் படகை ஓட்டுகிறவர் கடல் பாதுகாப்புப் பயிற்சி முடித்த சான்றிதழ் வைத்திருக்க வேண்டும் என்று கண்டிப்பு வந்த பிறகு ஏற்பட்ட வகுப்பு அது. தீயணைப்பையும் முதலுதவியையும் மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள். வயர்லெஸ்ஸில் உதவி கேட்கும் முறை மட்டும் என்னிடம் வந்து சேர்ந்தது. அதில் நாலைந்து ஆங்கிலச் சொற்கள் இருந்தன, நான் ஆங்கில ஆசிரியை. அதற்கு மேல் காரணம் எதுவும் இல்லை.

காலையில் மூன்று வகுப்புகள் எடுத்துவிட்டு, மார்த்தாண்டம் சந்திப்பின் இரைச்சல் சன்னல் வழியே வந்துகொண்டிருக்கும் பிற்பகல் இரண்டு மணிக்கு அந்த அறைக்குள் நுழைவேன். தகரக் கூரையில் மழை விழுந்தால் என் குரல் எனக்கே கேட்காது. நாற்பது ஆண்டு கடலில் இருந்தவர்களுக்குக் கடல் ஆபத்தைப் பற்றிச் சொல்லிக்கொடுக்க நான் யார் என்ற கூச்சம் முதல் ஆண்டில் இருந்தது. பிறகு அதுவும் களைப்போடு களைப்பாகக் கரைந்துபோயிற்று.

பாடம் சிறியது. ஆபத்தில் இருக்கும் படகு முதலில் மூன்று முறை 'மேடே' என்று சொல்ல வேண்டும். அடுத்துத் தன் பெயரை மூன்று முறை சொல்ல வேண்டும். பிறகு படகு இருக்கும் இடம், நேர்ந்த ஆபத்து, உள்ளே இருக்கும் ஆட்களின் எண்ணிக்கை. இதைப் பலகையில் எழுதிவிட்டு, "உங்க படகு மூழ்குதுன்னு வச்சுக்கிட்டு ஒருத்தர் சொல்லுங்க" என்றேன். இருபது பேரும் தரையைப் பார்த்தார்கள்.

"சும்மா கரையில கெட்டியிருக்க படக எதுக்கு டீச்சரே முக்குதியோ?" என்றார் ஒருவர்.

"பறைஞ்சா பலிச்சிரும்" என்றது பின்வரிசை.

அவர்களில் ஒருவர் சந்திப்பில் வாங்கிய வெள்ளரிக்காயைக் கடித்துக்கொண்டிருந்தார். அவர்தான் அதை உயர்த்திக் காட்டி, "இன்னா, இதுக்க பேர வச்சுக்கிடுங்க. வெள்ளரிக்கா முங்கினா ஒருத்தனுக்கும் நட்டமில்ல" என்றார். அறை சிரித்தது. நானும் சிரித்து, சரி என்றேன். மறுத்து வாதாட அன்றைக்கு என்னிடம் தெம்பு இல்லை. அது என் பிழை என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். ஒரு மாதம் முழுவதும் வெள்ளரிக்கா என்னும் படகு நாள்தோறும் இருபது முறை மூழ்கியது. பாடம் தடையின்றி நடந்தது.

அந்தக் குழுவில் மூத்தவர் தேங்காய்ப்பட்டணத்துக்காரர். ஐம்பத்தைந்து வயது இருக்கும். சொந்தப் படகு. அதன் முகப்பின் இருபுறமும் தம் மகளின் பெயரை நீல வண்ணத்தில் எழுதியிருப்பதாக, கைப்பேசியில் படம் காட்டிச் சொன்னார். ஒரே மகள், தலைப்பிரசவத்துக்காக வீட்டுக்கு வந்திருந்தாள், ஆறாம் மாதம்.

ஜூன் முடிவில் தேர்வு நடந்தது. தேர்வாளர் வெளியூர்க்காரர், கப்பலில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஒவ்வொருவரிடமும் பதிவேட்டில் உள்ள அவரவர் படகின் பெயரைச் சொல்லச் சொன்னார். பெரும்பாலான படகுகளுக்குப் புனிதர்களின் பெயர்கள். சிலுவை போட்டுக்கொண்டு ஒவ்வொருவராகச் சொல்லி முடித்தார்கள். "புண்ணியாளன் நீந்திக் கர சேந்துக்கிடுவாரு" என்று வெளியே வந்து ஒருவர் சொன்னபோது மற்றவர்கள் முதுகில் தட்டினார்கள்.

மூத்தவர் ஒலிவாங்கியை எடுத்தார். வெள்ளரிக்கா, வெள்ளரிக்கா, வெள்ளரிக்கா என்றார்.

தேர்வாளர் பதிவேட்டைப் புரட்டினார். "இந்தப் பெயரில் படகு இல்லையே. இல்லாத படகை எவர் போய்த் தேடுவார்?" என்று கேட்டார். ஏளனமாகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டார். தேறியவர்களின் பட்டியலில் மூத்தவரின் பெயர் மட்டும் இல்லை. மறுதேர்வு ஜூலை இறுதியில், தடைக்காலம் முடிவதற்கு இரண்டு நாள் முன்பு என்று முடிவாயிற்று. அதிலும் தவறினால் அவர் படகை வேறொருவர் ஓட்டிச் செல்ல, அவர் கரையில் நிற்க வேண்டும்.

ஜூலையில் மூத்தவரும் நானும் மட்டும் அந்த அறையில் உட்கார்ந்தோம். அவர் எல்லாவற்றையும் பிழையின்றிச் சொன்னார். பெயர் வரும் இடத்தில் நிறுத்தி, ஒலிவாங்கியை மேசைமேல் வைத்துவிடுவார்.

"மூழ்குதுன்னு சொல்லாண்டாம். தீப்பிடிச்சதுன்னு சொல்லுங்க அண்ணே."

"அவளுக்க பேரச் சொல்லித் தீன்னு பறையவா? அது இதவிடக் கேடு டீச்சரே."

படகின் பதிவு எண்ணை மட்டும் சொன்னால் போதுமா என்று தேர்வாளரிடம் தொலைபேசியில் கேட்டேன். இரண்டும் வேண்டும் என்றார். சில ஆண்டுகளுக்கு முன் பெரும்புயல் அடித்தபோது, கரை திரும்பாத படகுகளின் பெயர்களைக் கையால் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்ததையும், பெண்கள் விரலால் தொட்டுத் தொட்டு வாசித்ததையும் நான் பார்த்திருக்கிறேன். பெயர்தான் கரையில் இருப்பவர்களுக்குக் கிடைக்கும் ஒரே பிடி என்று மூத்தவரிடம் சொன்னேன்.

அவர் மழையின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு, "அந்தப் புயலுல நானும் கடலுக்குள்ளதான் கிடந்தேன்" என்றார்.

எஞ்சின் நின்று ஐந்து நாள் அலைந்திருக்கிறார்கள். மூன்றாம் நாள் ஒரு கப்பல் தொலைவில் போயிருக்கிறது. வயர்லெஸ் அவர் கையில் இருந்திருக்கிறது.

"நீங்க கூப்பிடல்லியா?"

"அவளுக்கு அன்னு பதினாறு வயசு. பேரு நாக்கு வரைக்கும் வந்துது. பறைய முடியல்ல."

"கூட இருந்தவங்க?"

"பத்து பேரு. ஏசினானுவ. கப்பலு போயிற்று. பொறவு காத்து மாறி, நாங்களாக் கர புடிச்சோம்." "வந்துட்டோம் இல்லியா" என்று சேர்த்துக்கொண்டார். கேள்வியா, வாதமா என்று எனக்கு விளங்கவில்லை.

"அந்தப் பத்துப் பேருக்கும் வீட்டில பிள்ளைகள் இருந்திருக்குமே அண்ணே" என்றேன்.

சொன்ன பிறகு வருந்தினேன். அவர், சொல்ல வேண்டியவற்றை நான் எழுதிக் கொடுத்திருந்த தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பேருந்துக்கு நேரமாயிற்று என்று எழுந்து போனார்.

அவரை மூடநம்பிக்கைக்காரர் என்று நினைக்க எனக்குத் தகுதி இல்லை. என் கணவரின் அறுவைச் சிகிச்சைக்கு முன் ஒரு படிவம் தந்தார்கள். உயிருக்கு ஆபத்து நேரலாம் என்ற வரியின் அருகே அவருடைய பெயரை நான் என் கையால் எழுத வேண்டியிருந்தது. வாசிப்பதும் எழுதுவதுமாக வாழ்நாளைக் கழித்த நான், அந்தக் கட்டத்தை மட்டும் வெறுமையாக விட்டுவிட்டு மற்றவற்றை நிரப்பிக் கொடுத்தேன். செவிலி அதைத் திருப்பித் தந்து, எழுதும்வரை என் எதிரிலேயே நின்றாள். இதை மூத்தவரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

மறுதேர்வு நாளில் அவர் வெள்ளைச் சட்டையும் வேட்டியுமாக, கோயிலுக்குப் போகிறவரைப் போல வந்தார். தேர்வாளர் தலையசைத்ததும் ஒலிவாங்கியை வாயருகே கொண்டுபோனார். 'மேடே' மூன்று முறை வந்தது. பிறகு மகளின் பெயர். முதல் முறை குரல் எழும்பவே இல்லை. இரண்டாம் முறை, வீட்டு முற்றத்தில் நின்று அழைப்பதுபோல இருந்தது. மூன்றாம் முறை சொன்னபோது அவர் கண்களை மூடியிருந்தார். இருக்கும் இடம் சொன்னார். தண்ணீர் ஏறுகிறது, மூழ்குகிறோம், பதினொரு பேர் என்றார். தேர்வாளர் கையெழுத்திட்டுச் சான்றிதழை மேசையின் இந்தப் பக்கம் நகர்த்தினார்.

அவர் அதைத் தொடவில்லை. எழுந்து வராந்தாவுக்குப் போய்க் கைப்பேசியை எடுத்தார். நானும் பின்னால் போனேன். எஞ்சின் அருகே வாழ்ந்த காதுக்குப் பேச்சு சரியாகக் கேட்காது என்பதால், அவர் எப்போதும் ஒலிபெருக்கியைப் போட்டுத்தான் பேசுவார். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி அழைத்தார். மறுபடியும் ஓய்ந்தது. வேறு எங்கோ இருப்பாள், கைப்பேசி உள்ளே கிடக்கும், பகல் நேரம்தானே என்று சொல்ல வாயெடுத்தேன். வராந்தாத் தூணை நான் பிடித்துக்கொண்டிருப்பதைச் சற்று நேரம் கழித்தே உணர்ந்தேன். அந்தப் பெயரைச் சொல்லச் சொல்லி ஒரு மாதமாக வற்புறுத்தியவள் நான்.

மூன்றாம் முறை பாதி மணியிலேயே எடுத்துவிட்டாள்.

"என்னப்பா? துணி அலசிக்கிட்டு நின்னேன்."

"மருந்து குடிச்சியா?" என்றார் அவர்.

"குடிச்சாச்சு. பாஸாயாச்சா?"

"ம்."

"அப்போ பேரு சொல்லியாச்சு." அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. "எத்தன மட்டம் சொன்னியோ?"

"மூணு."

"அதாக்கும் எனக்கு ரொம்ப நேரமா விக்கலு."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. கைப்பேசியை இன்னும் முகத்தருகே கொண்டுபோய், "இப்ப நின்னாச்சா மக்கா?" என்று கேட்டார்.

"நின்னாச்சுப்பா."

"நல்லா நின்னாச்சா?"

"நின்னாச்சுண்ணு சொன்னம்லா. வரும்போ பழம் வாங்கிட்டு வாங்க."

அவர் கைப்பேசியைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே வந்தார். தேர்வாளர் எதையும் கேட்காமல் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். சான்றிதழில் மகளின் பெயர் எங்கும் இல்லை என்பதை வரி வரியாகப் பார்த்து உறுதிசெய்துகொண்ட பிறகே, பதிவேட்டில், பெற்றுக்கொண்டதற்கான இடத்தில் தம் பெயரை எழுதினார்.