பெருநாள் விருந்தாளி ஊற்றிய தேத்தண்ணி

பெருநாள் தொழுகை முடிந்த ஒரு மணி நேரத்துக்குள் ரிஸ்னாவின் தலையைத் தடவாதவர் எங்கள் வீட்டில் ஒருவரும் இல்லை. பெற்றவர்களை இழந்த யத்தீம் பிள்ளையின் தலையைத் தடவினால் கை பட்ட ஒவ்வொரு முடிக்கும் நன்மை உண்டு என்பது எங்கள் ஊரான சாய்ந்தமருதில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சாச்சா தடவினார். சாச்சி தடவினார். பக்கத்து வீட்டார் வட்டிலப்பத்தோடு வந்து, அதைக் கொடுத்த கையோடு தடவிவிட்டுப் போனார்கள். பத்து வயதான நானும் என் பங்குக்கு இரண்டு தரம் தடவினேன். எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னியிருந்த அவள் தலை, பகல் சாப்பாட்டுக்கு முன்பே கோழி கிளறிய குப்பை மாதிரி ஆகிவிட்டது. அவள் கிணற்றடிக்குப் போய் மறுபடி பின்னிக்கொண்டு வந்தாள்.

வீடு வாசல் இல்லாத பிள்ளைகளைத் தங்கவைத்துப் படிப்பிக்கும் இல்லம் ஒன்று கல்முனையில் இருந்தது. பெருநாளன்று விரும்பிய குடும்பங்கள் அங்கிருந்து ஒரு பிள்ளையை அழைத்து வந்து, புது உடுப்புப் போட்டு, விருந்து கொடுத்து, அந்தி மஃரிபுத் தொழுகைக்கு முன் கொண்டுபோய் விடலாம். அந்த வருடம் உம்மா அப்படிக் கூட்டி வந்தவள்தான் ரிஸ்னா. வயது பன்னிரண்டு, ஆனால் படித்ததோ என்னைப் போல ஐந்தாம் ஆண்டு. காலையில் எல்லாருக்கும் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டு, உம்மாவுக்கு வெங்காயம் அரிந்துகொண்டே அதன் காரணத்தைச் சொன்னாள். அவளுடைய உம்மா மௌத்தாகி, யாருமில்லாமல் போன பிறகு இரண்டு வீடுகளில் இருந்தாளாம். இரண்டிலும் அவளைப் பிள்ளை மாதிரித்தான் வளர்த்தார்களாம். பள்ளிக்கூடத்துக்கு மட்டும் அனுப்பவில்லையாம். இல்லத்தில் சேர்ந்த பிறகுதான் புத்தகத்தையே கையில் எடுத்தாளாம். நான் அந்தக் கதையைக் காதில் வாங்கியதை விட, அவள் கையில் கத்தி ஓடிய வேகத்தைத்தான் வாய் பிளந்து பார்த்தேன்.

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு மாமி வந்தார். வாப்பாவோடு கூடப் பிறந்த மூத்த ராத்தா. இல்லத்துக்கு வருடா வருடம் மூட்டை மூட்டையாய் அரிசி அனுப்புகிற வீடு அவருடையது. அவர் வாய் திறந்து ஒன்றைக் கேட்டால் அங்கே இல்லையென்று சொல்வது கஷ்டம். மாமியும் ரிஸ்னாவின் தலையைத் தடவினார். ஆனால் அவர் கை தலையோடு நிற்கவில்லை. தோளைத் தொட்டது, மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தது. மகளுக்குப் பிள்ளை பிறந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை, வீட்டில் கை உதவிக்கு ஆளில்லை என்று அலுத்துக்கொண்டவர் உம்மாவின் பக்கம் திரும்பினார்.

“இவள நான் கொண்டு போறன் புள்ள. என்ட புள்ள மாதிரி வளக்கன். நாளைக்கே இல்லத்துல கதைக்கன்.”

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மாமி வீடு இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தது. ரிஸ்னா அங்கே வந்துவிட்டால் தினமும் விளையாடலாம். மாமியின் சொல்லைத் தட்டும் துணிவு எங்கள் வீட்டில் வாப்பாவுக்கே கிடையாது. என்னென்ன வேலை தெரியும் என்று மாமி ரிஸ்னாவிடமே கேட்டார். அவள் தரையைப் பார்த்தாள். சரி, ஒரு தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வா என்றார் மாமி.

தேத்தண்ணி வந்தது. ஒரு மிடறு குடித்ததுமே மாமியின் முகம் கோணிவிட்டது. சீனிக்குப் பதில் உப்பு. கோப்பையைக் கழுவக் கொடுத்தார். கிணற்றடியில் அது உடையும் சத்தம் கேட்டது. வெங்காயம் அரியச் சொன்னார். தோலும் துண்டுமாய் எதையோ வெட்டிப் போட்டுவிட்டு, விரலை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். கிடைத்த கூட்டாளி கை நழுவிப் போவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

“பொய் மாமி. காலையில எல்லா வெங்காயமும் இவதான் அரிஞ்ச. தேத்தண்ணியும் இவதான் ஊத்தின. நல்லா இருந்த.”

ரிஸ்னா என்னைப் பார்த்தாள். கோபமாய்ப் பார்த்திருந்தால் மறந்திருப்பேன். அப்படிக் கெஞ்சுகிற கண்களை அதற்குமுன் நான் கண்டதில்லை. மாமி உண்மையை அறிய உம்மாவைப் பார்த்தார்.

“அவள் எங்க அரிஞ்ச மதினி, எல்லாம் நான்தான். விடிஞ்சதில இருந்து ரெண்டு கோப்ப உடச்சிட்டாள். பெருநாளெண்டு பேசாம இருக்கன்.”

முப்பது நோன்பும் பிடித்து முடித்த உம்மா, பெருநாளும் அதுவுமாக, கண்ணிமைக்காமல் பொய் சொன்னார். நான் மறுபடி வாயைத் திறந்தபோது தொடையில் கிள்ளு விழுந்தது. இது சரிவராது என்று மாமி உதட்டைச் சுழித்துவிட்டு வட்டிலப்பம் கேட்டார்.

பின்னேரம் ரிஸ்னாவைக் கொண்டுபோய் விட ஓட்டோவில் கிளம்பினோம். உம்மா வழி நெடுக அவள் கையை விடவே இல்லை. நான் இருவருக்கும் முகம் கொடுக்காமல் வந்தேன். இல்லத்து வாசலில் இறங்கியபோதுதான் மனம் கேட்காமல், தேத்தண்ணியில் ஏன் உப்பைப் போட்டாய் என்று ரிஸ்னாவிடம் கேட்டேன்.

“நாளண்டைக்கி எனக்குக் கணக்குச் சோதின இருக்கு,” என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே ஓடினாள்.

உப்பைக் கேட்டால் பரீட்சையைச் சொல்கிறாளே, கேட்டதற்குப் பதில்கூடச் சொல்லத் தெரியாதவளை மாமி வேண்டாம் என்றது நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டேன். உம்மா சொன்ன பொய்யை வாப்பாவிடம் எப்படிப் போட்டுக்கொடுப்பது என்ற யோசனையோடு ஓட்டோவில் ஏறினேன்.