ஓரத்தைத் தின்னும் டிவி

அம்மா போய்விட்டாள் என்று ஆஸ்பத்திரியிலிருந்து செய்தி வந்தபோது விடிகாலை ஐந்து மணி. வெளுத்ததும் நான் கேபிள் ஆபீஸில் போய் நின்றேன். சபியுல்லா மேசைக்கு அடியில் குப்புறக் கிடந்து ஒரு மஞ்சள் வயரைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகிக்கொண்டிருந்தார். கம்ப்யூட்டரிலிருந்து டிவிக்குப் படம் போகிற வயர் அது. தினமும் காலையில் அதை நாலு தடவை பிடுங்கிச் செருகாவிட்டால் ஊருக்கே கலர் வராது என்பது அவருடைய நம்பிக்கை. "ஒரு நிமிசம் இருங்க, கலர் ஏறட்டும்" என்று அடியிலிருந்தே சொன்னார். வந்திருப்பது யார், எதற்கு என்று எட்டிப் பார்க்கவில்லை.

கோவில்பட்டியில் உள்ளூர் சேனல் என்றால் அந்த ஒரு அறை, ஒரு கம்ப்யூட்டர், சபியுல்லா. காதுகுத்து, கடைதிறப்பு, தண்ணீர் வராத நாள், சாவு எல்லாம் அவர் விரல் வழியாகத்தான் வீடுகளுக்குப் போகும். நாற்பத்தைந்து வயது இருக்கும். டீயை ஆறவிட்டு, மேலே ஏடு கட்டிய பிறகு, அந்த ஏட்டை விரலால் எடுத்துக் காலண்டரில் தடவிவிட்டுக் குடிப்பார். மவுஸை, சூடான தம்ளரைப் பிடிப்பதுபோல இரண்டு விரலால் பிடிப்பார். அதை வைத்த இடத்தை மறந்துவிடுவார். மணமக்கள் மூக்கில் வெள்ளை அம்பு ஒன்று சாயங்காலம் வரை நிற்கும்.

முன்பெல்லாம் அட்டையில் எழுதி வீடியோ கேமரா முன்னால் வைப்பார். ஒரு தொந்தரவும் இல்லை. கம்ப்யூட்டர் வந்த முதல் வாரம் மணப்பெண்கள் அத்தனை பேரும் கறுப்பு வெள்ளையில் வந்தார்கள். எண்ணெய்க் கடைக்காரர் ஒருவருடைய கண்ணீர் அஞ்சலியில் அவர் முகத்தின் மேல் கலர் கலராக ஸ்க்ரீன்சேவர் மீன்கள் நீந்தின. கேட்க வந்த மகன்களிடம், "சும்மா விட்டா அதுவா மீன் விடுது. நான் என்ன செய்ய, தூண்டி போடவா?" என்று சண்டைக்குப் போனவர் இவர்.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். அம்மா இருபது வருஷம் தீப்பெட்டி ஆபீஸில் குச்சிகளைக் கட்டையில் அடுக்கியவள். கூட வேலை பார்த்த பெண்கள் வீடுகளில் போன் கிடையாது, டிவி உண்டு. எட்டரைக்கு அவர்களை ஏற்றிப்போக வேன் வந்துவிடும். அதற்குள் நாலு மணிக்கு எடுக்கிறோம் என்று தெரிந்தால் அரைநாள் கேட்டு வருவார்கள். தெரியாவிட்டால் அம்மாவின் முகத்தைப் பார்க்க மாட்டார்கள்.

அண்ணன் சௌந்தரபாண்டியன் போனில் சொல்லச் சொல்ல, சபியுல்லா ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினார். தலைப்பு, போட்டோ, "ஆறுமுகத்தாய் அம்மாள்", பிறகு மகன், மகள், மருமகன், பேரன் பேத்திகள், சம்பந்தக்காரர்கள், சம்பந்தக்காரர்களின் சம்பந்தக்காரர்கள். ஆகக் கடைசி வரியில் நேரம். கம்ப்யூட்டரில் எல்லாம் லட்சணமாக இருந்தது. பக்கத்தில் இருந்த டிவியில் கடைசி வரியைக் காணோம்.

"நேரத்தைக் காணோமே அண்ணே?"

"இங்கன இருக்குல்லா" என்று கம்ப்யூட்டரைத் தட்டிக் காட்டினார்.

"ஊர்ல எல்லாரும் உங்க கம்ப்யூட்டரையா பாக்காங்க? டிவில இல்லையே."

"டிவி நாலு ஓரத்தையும் தின்னுட்டுத்தான் குடுக்கும் தங்கச்சி. அதுக்க புத்தி அது. செல டிவி கம்மியாத் திங்கும். உங்க வீட்டு டிவி எத்தன இஞ்சு?"

அதற்குள் போன் அடித்தது. யாரோ ஒரு பெண் எப்போது எடுக்கிறார்கள் என்று கேட்டது எனக்கே கேட்டது.

"டிவில போட்டிருக்கே, பாக்கலியா?"

"கடேசி வரிக்குத் தலை மட்டுந்தாண்ணே தெரியுது."

"அப்படியா! பரவால்லையே, உங்க டிவில தலையாவது தெரியுதே" என்று சந்தோஷமாகச் சொல்லிப் போனை வைத்துவிட்டார். நேரத்தைச் சொல்லவில்லை.

எழுத்தைச் சிறிதாக்கச் சொன்னேன். சிறிதாக்கினார். டிவியில் அத்தனை பெயர்களும் குளிர்ஜுரம் வந்ததுபோல் நடுங்கின. இரண்டு பக்கமாகப் போடச் சொன்னேன். பக்கம் மாறுகிற நேரத்தில் கம்ப்யூட்டர் உறைந்து நின்றது; திரும்ப உயிர் வரும்வரை ஊரே நீலத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. பெயர்களைக் குறைக்கலாமா என்று அண்ணனிடம் கேட்டேன். "ஏட்டி, ஒனக்குக் கிறுக்கா? ஒரு பேரு விட்டாலும் நாளைக்கு எவன் நம்ம வாசப்படி மிதிப்பான்?" என்று அவன் கத்தியது அறை முழுக்கக் கேட்டது. சபியுல்லா தலையை ஆட்டினார். "அவிய சொல்லுததும் நியாயந்தான்."

மணி எட்டாகிவிட்டது. எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. "நாலு மணின்னு தெரியணும் அண்ணே. எங்க பேரு, தலைப்பு, கலரு ஒண்ணும் வேண்டாம். நாலு மணி. அம்புட்டுத்தான்."

அப்போதுதான் அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு பின்னணியில் ஓடிக்கொண்டிருந்த ஷெனாயை நிறுத்தினார். மேசை இழுப்பறையிலிருந்து ஒரு மைக்கை எடுத்துச் சட்டையில் துடைத்து, கம்ப்யூட்டரில் செருகினார். செருமிக்கொண்டார்.

"தீப்பெட்டி ஆபீஸ் ஆறுமுகத்தாய் அம்மாள நாலு மணிக்கு எடுக்காவ. சாயங்காலம் நாலு மணி. எழுத்து தெரியலேன்னு போன் பண்ணாதீங்க, காதுல வாங்கிக்கிடுங்க. நாலு மணி."

செருமல், டீத் தம்ளர் நகர்ந்த சத்தம் எல்லாம் பதிவில் விழுந்துவிட்டது. இன்னொரு தடவை பேசிப் பதியலாமா என்று கேட்டேன். "வேண்டாம். நோண்டுனா மீன் வந்துரும்" என்று சொல்லி, எல்லாப் பெயரும் இருந்த பழைய பக்கத்தைத் திரையில் போட்டு, அதன் மேல் அந்தக் குரலையே திரும்பத் திரும்ப ஓடவிட்டார்.

மூன்றரைக்கு வேன் எங்கள் தெருவிலேயே வந்து நின்றது. நகக்கண்ணில் தீக்குச்சி மருந்து ஒட்டியிருக்க அப்படியே இறங்கினார்கள். "டிவில ஒரு ஆளு அதட்டுனாரு தாயி, ஓடியாந்துட்டோம்" என்று உச்சிமாகாளி அக்கா என்னைக் கட்டிக்கொண்டாள். ஒவ்வொருத்தியும் அம்மாவின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

அவர்களுக்குப் பின்னால் சபியுல்லா வந்தார். அம்மாவின் தலைமாட்டில் ஒரு நிமிஷம் நின்றார். அதற்குள் அண்ணன் அவரைக் கையைப் பிடித்து உள்ளறைக்கு இழுத்துப் போனான். சாவு வீட்டில் பெயர் வருகிறதா என்று பார்க்க அவன் டிவியைப் போட்டே வைத்திருந்தான். "பாய், என் மாமனாரு பேரு பாதிதான் வருது. அவிய வெளிய உக்காந்திருக்காவ." சபியுல்லா சட்டைப்பையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். டிவியைத் திருப்பி, பின்மூடியைக் கழற்றி, உள்ளே எதையோ மெல்லத் திருகினார். படம் சுருங்கிச் சுருங்கி, மாமனாரின் பெயர் முழுதாக வந்தது. அதற்குக் கீழே, நேரம் போட்ட கடைசி வரி பாதி உயரம் ஏறியிருந்தது.

வாசலில் அம்மாவைத் தூக்கிவிட்டார்கள். குலவைச் சத்தம் கேட்டதும் அவர் ஸ்க்ரூடிரைவரைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கூட்டத்தோடு நடந்தார்.

டிவியின் பின்மூடி இன்னும் உள்ளறைச் சுவரில் சாய்ந்து நிற்கிறது. நாலு திருகாணிகளும் ஜன்னல் கட்டையில் இருக்கின்றன.