சந்தனப் பொட்டு வைத்த பட்டாளத்து வாட்ச்

நான் ஒரு முட்டாள். இந்தப் பத்தியைப் படித்துவரும் நீங்கள் இதை எத்தனையோ வாரங்களுக்கு முன்பே கண்டுபிடித்திருப்பீர்கள். இருந்தாலும் என் வாயால் ஒருமுறை சொல்லிவிட்டால் எனக்கும் ஒரு நிம்மதி. நன்றாக ஓடிக்கொண்டிருந்த கைக்கடிகாரத்தைத் திறந்து, உள்ளே சந்தனப் பொட்டு வைத்து, அதன்மேல் குங்குமமும் வைத்த ஆள் இந்தப் பூமியில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அதுவும் யாருடைய வாட்ச்? மாமனாருடையது.

மாமனார் பட்டாளத்தில் இருந்தவர். எண்பதை நெருங்குகிறார். பேச்சில் படு சிக்கனம், பார்வையில் தாராளம். இத்தனை வருடங்கள் கழித்தும் அவர் எதிரே உட்கார்ந்தால் என் முதுகு தானாக நிமிர்ந்துகொள்கிறது. அந்த வாட்ச், அவருடைய மேலதிகாரி ஓய்வு பெற்ற அன்று தன் கையிலிருந்து கழற்றிக் கொடுத்தது. கறுப்பு முகம், தடித்த முட்கள், பின்மூடியில் ராணுவ முத்திரையாக ஓர் அம்புக்குறி. காலையில் எழுந்ததும் அதற்குச் சாவி கொடுப்பார். பிறகுதான் காபி.

போன மாதம் அவருக்கு நெஞ்சு வலி. பைபாஸ் செய்தே ஆக வேண்டும் என்றார்கள். பாலக்காட்டுப் பக்கம் எங்கள் எருத்தேன்பதியிலிருந்து கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது வாட்சைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார்.

“தெனமும் சாவி குடுங்க மாப்ள. இது ஓடற வரைக்கும் நானும் ஓடுவனுங்க.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத் தெரிந்து அவர் அடித்த முதல் ஜோக். அதை என்னிடமா அடிக்க வேண்டும்?

மனைவி சாந்தாமணி அப்பாவுக்குத் துணையாக ஆஸ்பத்திரியில். வீட்டில் நான் தனி. ஆயுத பூஜை வந்தது.

எங்கள் பக்கம் ஆயுத பூஜை என்றால் மண்வெட்டி முதல் டிராக்டர் வரை யாருக்கும் விலக்கில்லை. கிணற்று மோட்டாருக்குப் பொட்டு, தென்னைக்கு மருந்தடிக்கும் ஸ்பிரேயருக்குப் பொட்டு, இந்தப் பத்தியை எழுதும் லேப்டாப்புக்கும் ஒரு பொட்டு. எல்லாம் முடிந்து திரும்பினால் வாட்ச் கண்ணில் பட்டது. பட்டாளத்து வாட்ச் — வீட்டிலேயே அசல் ஆயுதம் அதுதானே?

கண்ணாடிமேல் ஒரு பொட்டு வைத்து நிறுத்தியிருக்கலாம். நான்தான் சிந்தனையாளனாயிற்றே... உழைப்பது உள்ளே இருக்கும் மெஷின். பொட்டு மட்டும் கண்ணாடிக்கா? கத்தி முனையால் பின்மூடியை நெம்பினேன். உள்ளே ஒரு சின்னச் சக்கரம் இப்படியும் அப்படியுமாகத் துள்ளிக்கொண்டிருந்தது. பாவம், ஓயாத உழைப்பாளி! தீக்குச்சி முனையில் சந்தனத்தைத் தொட்டு அதற்கு வைத்தேன். குங்குமமும்.

துள்ளல் நின்றது.

பதறிப்போய் ஊக்கை எடுத்துச் சந்தனத்தைச் சுரண்டினேன். ‘டிக்’ என்று ஒரு சத்தம். அப்பாடா, ஓட ஆரம்பித்துவிட்டது என்று நினைத்தேன். இல்லை. உள்ளே ஏதோ ஒடிந்த சத்தம் அது.

அந்த நேரம் பார்த்துப் போன்.

“ஏனுங்க, நாளான்னைக்குக் காலைல ஆப்பரேசன்னு சொல்லீட்டாங்க. அப்பா வாட்ச் ஓடுதான்னு கேக்கச் சொன்னாருங்க.”

“காலையில சாவி குடுத்தேன்னு சொல்லு.”

பொய் இல்லை, பாருங்கள். கொடுத்தேன்தான்.

“பூஜையெல்லாம் ஆச்சுங்களா?”

“ஆச்சு... ரொம்ப நல்லா ஆச்சு.”

வாட்ச் நின்றால் மனிதனுக்கு என்னய்யா ஆகும் என்று நீங்கள் கேட்கலாம். நியாயம். பூனை குறுக்கே போனால் வீடு திரும்புகிறவர்களை இதே இடத்தில் நானும் எவ்வளவு கிண்டல் செய்திருக்கிறேன்! ஆனால் சொந்த வீட்டு மனிதரின் நெஞ்சைத் திறக்க நேரம் குறித்த பிறகு, அந்தக் கிண்டல்காரனைத் தேடினால் ஆளைக் காணோம். சுவர்க்கடிகாரம் ‘டிக் டிக்’ என்று என்னையே குற்றம் சொல்வது போலிருந்தது. கழற்றி அரிசி அண்டாவுக்குள் வைத்து மூடினேன். அப்போதும் தூக்கம் வரவில்லை.

மறுநாள் விஜயதசமி. பாலக்காட்டுக் கடைவீதியில் பூஜை வைத்த கடைகள் பாதிக்குமேல் திறக்கவில்லை. ஹனீபா பாயின் கடை திறந்திருந்தது. ராவுத்தர் குடும்பம், அவருடைய வாப்பா தொடங்கிய வாட்ச் கடை. இப்போது அதிகம் விற்பது பேட்டரியும் டைம்பீஸும்தான். கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு குனிந்தார்.

“உள்ளே செவப்பா என்ன சாரே இது, துருவா?”

“குங்குமம் பாய்.”

லென்ஸைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். “வாட்சுக்கா?”

“மிலிட்டரி வாட்ச் பாய். நேத்து ஆயுத பூஜை.”

கொஞ்சம் யோசித்தார். “அது நியாயம்தான்... மேலே வெச்சிருக்கலாம்.”

ஒடிந்தது பேலன்ஸ் சக்கரத்தின் அச்சு. தலைமுடி கனம் இருக்கும் என்றார். “இதுக்குண்டான அச்சு இப்போ எங்கேயும் கிட்டாது சாரே. கம்பெனி பூட்டிப் போயே எத்தனையோ காலமாச்சு. வேற வாட்சோட அச்சைப் போட்டா நிக்காது. கழண்டு வரும்.”

நாளைய ஆப்பரேஷனைச் சொன்னேன். மாமனாரின் ஜோக்கையும் சொன்னேன். ‘அட போங்க சாரே’ என்று பாய் சிரித்துவிடுவார், எனக்கும் தைரியம் வந்துவிடும் என்பது கணக்கு.

பாய் சிரிக்கவில்லை. முகம் வெளுத்துவிட்டது.

“படைச்சவனே... அப்படியா சொன்னார்?”

அவ்வளவுதான். இதுவரை பயந்தவன் ஒருவன். இப்போது இரண்டு பேர்.

பாயின் கண் மேல்தட்டில் இருந்த ஒரு பிஸ்கட் டின்னுக்குப் போனது. திரும்பியது. மறுபடி போனது.

“இதே ஜாதி வாட்ச் ஒண்ணு இருக்கு சாரே. அசல் அச்சு உள்ளே இருக்கு. பக்ஷே...”

“என்ன பாய் பக்ஷே?”

“வாப்பாகிட்ட ரிப்பேருக்கு வந்தது. கொடுத்தவர் பட்டாளத்துக்காரர். அவசரமா விளிச்சாங்கன்னு லீவுக்கு நடுவுலயே போனார். திரும்பி வரல்லே. வாப்பா வீடு தேடிக் கொண்டு போய்க் கொடுத்தார். அவரோட பீவி கையிலே வாங்கவே மாட்டேன்னுட்டாங்க. யாருக்காவது உபயோகப்படட்டும்னு சொல்லிட்டாங்களாம்.”

வாட்ச் நின்றபடியே இருந்தால் ஒரு பயம். ஓட வைக்க வேண்டுமென்றால் இறந்தவர் வாட்சின் அச்சு. நாளை டாக்டர், மாமனாரின் காலிலிருந்து ஒரு ரத்தக்குழாயை எடுத்து இதயத்தில் வைக்கப்போகிறார். அதுவாவது அவருடைய சொந்தக் கால்!

“என்ன செய்யட்டும் சாரே? எனக்கும் பயமாத்தான் இருக்கு.”

“போடுங்க பாய்.”

“சொன்னது நீங்களாக்கும்.”

“நான்தான்.”

“நான் சொல்லல்லே.”

“நீங்க சொல்லவே இல்ல.”

பாய் பிஸ்மி சொல்லி இடுக்கியை எடுத்தார். நான் பழனி முருகனைக் கூப்பிட்டேன். இரண்டு பக்கமும் சிபாரிசு பிடித்த பிறகும் சக்கரம் அசையவில்லை. பாய் எதையோ கழற்றினார், துடைத்தார், மறுபடி மாட்டினார். இருவரும் மூச்சை அடக்கிக்கொண்டு குனிந்திருந்தோம். கடைக்குள் வந்த ஒருவர் எங்களைப் பார்த்துவிட்டு, பேட்டரி கேட்காமலே போய்விட்டார்.

கடைசியில் சக்கரம் ஒரு நடுக்கம் நடுங்கியது. பிறகு துள்ளியது.

மறுநாள் விடிந்ததும் கோயம்புத்தூர் பஸ். வாளையாறு தாண்டும்வரை வாட்சைக் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டே போனேன். பக்கத்து சீட்டுக்காரர், “காது வலிங்களா?” என்றார். ஆமாம் என்றேன். ஆப்பரேஷன் தியேட்டர் வாசலில் சாந்தாமணி அழுதுகொண்டிருந்தாள். அவளுக்கு ஆறுதல் சொல்ல வேண்டியவன், பாக்கெட்டுக்குள் கையை விட்டு வாட்சைத் தடவிக்கொண்டிருந்தேன். மறுபடி காதில் வைத்தால் ஒன்றும் கேட்கவில்லை! நின்றுவிட்டதா? இல்லை... என் நெஞ்சு அடித்துக்கொண்ட சத்தத்தில் வாட்சின் சத்தம் கேட்கவில்லை. முள் நகர்கிறதா என்று கண் கொட்டாமல் பார்த்தேன். நகர்ந்தது. பிற்பகலில் டாக்டர் வெளியே வந்து, எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்றார். நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

வார்டுக்கு மாற்றிய அன்று மாமனார் இடது கையை நீட்டினார். வாட்சைக் கட்டிவிட்டேன். அதைக் காதருகே கொண்டுபோனார். வைத்தபடியே இருந்தார்... வைத்தபடியே இருந்தார். பட்டாளத்துக் காது. சத்தம் மாறியது தெரிந்துவிட்டதோ? என்னால் தாங்க முடியவில்லை. சந்தனம், குங்குமம், ஊக்கு, இறந்துபோன பட்டாளத்துக்காரர் வாட்சின் அச்சு என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

சாந்தாமணி தலையில் அடித்துக்கொண்டாள். “உங்களுக்கென்ன கிறுக்குப் புடிச்சிருச்சுங்களா? செத்தவரு சாமானையா எங்கப்பா கையில கட்டி உடறீங்க? கழட்டுங்க மொதல்ல!”

மாமனார் கண்களை மூடிக்கொண்டார். நான் பக்கத்திலிருந்த மானிட்டரைப் பார்த்தேன். பச்சைக் கோடு மேலும் கீழும் துள்ளிக்கொண்டிருந்தது. அது நிற்காமல் இருந்தால் போதும் என்று மட்டும் வேண்டிக்கொண்டேன்.

மாமனார் கண்ணைத் திறந்தார். வாட்சின்மேல் வலது கையை வைத்து மூடிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“அவரு எந்த ரெஜிமெண்டுங்க?”