தனியே பிறேக் மாற்றிய காலிதீன்

எங்கள் வீட்டு மூத்தவள் றாஹிலா ராத்தாவின் புருஷன் காலிதீனுக்கு எந்தத் தொழிலும் நிலைத்ததில்லை. அபிப்பிராயங்களுக்கு மட்டும் குறைவில்லை. கல்முனையில் எங்கள் வாப்பா ராத்தாவுக்குச் சீதனமாகக் கொடுத்த வீட்டில் இருந்துகொண்டு, அதோடு கொடுத்த டட்சன் காரை "என்ட கார்" என்று சொல்லித் திரிவார்.

எண்பத்திரண்டில் கடற்காற்றின் உப்பு அதன் பிறேக் பைப்புகளைத் தின்றுவிட்டது. கராஜுக்குக் கொண்டுபோகும்படி வாப்பா சொன்னார். காலிதீன் மச்சான் கேட்கவில்லை. கராஜ்காரர் எல்லாரும் கள்ளராம். வீட்டில் தானே, தனியே மாற்றுவாராம். தங்கை மைமூனாவின் கல்யாணம் வெள்ளிக்கிழமை. நிந்தவூரிலிருந்து மாப்பிள்ளையை அந்தக் காரில்தான் கூட்டிவர வேண்டும். அன்றைக்குக் கார் ஓடாவிட்டால் காரையும் திறப்பையும் புது மருமகனிடம் கொடுத்துவிடுவதாக வாப்பா சொல்லிவிட்டார்.

முற்றத்தில் காரை ஜக்கில் ஏற்றி, பேட், டிஸ்க், பைப் எல்லாம் புதிதாகப் போட்டார். தெருவில் போகிறவர்களை மதிலோரம் மறித்து விளக்கம் வேறு. பல நாடு சுற்றி வந்தவள் நான். ஒரு நட்டைக் கழற்ற இவ்வளவு பிரசங்கம் செய்யும் ஆளை எங்கும் கண்டதில்லை.

பைப் மாற்றினால் உள்ளே காற்று தங்கிவிடும்; பெடலை மிதித்தாலும் பிறேக் பிடிக்காது. ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, மற்றவர் கார்ச் சில்லோரம் படுத்து நட்டை இளக்கிக் காற்றை வெளியேற்ற வேண்டும். இது மச்சானுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் தனியே செய்வேன் என்று ஊருக்கெல்லாம் சொன்னபின் எந்த ஆம்பிளையைக் கூப்பிடுவது? பெண்சாதியைச் சாரதி ஆசனத்தில் இருத்தினால் தெரு சிரிக்கும். ஆகவே காற்றை எடுக்காமலே பிறேக் ஒயிலை நிரப்பி மூடிவிட்டு, வியாழன் பின்னேரம் வாப்பாவுக்கு முன்னால் ஓட்டிக் காட்டினார். பெடல் தரைமட்டும் போனது. கார் நிற்கவில்லை. ஆடி அசைந்து போய்க் கல்யாணப் பந்தலின் கம்பைச் சாய்த்தது.

வாப்பா திறப்புக்குக் கையை நீட்டினார்.

மச்சான் இறங்கித் திறப்பைக் கொடுத்தார். ராத்தா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு போய்ச் சாரதி ஆசனத்தில் ஏறி இருந்தாள்.

"கீழ படுங்க. நான் மிதிக்கிறன்."

"சனம் பாக்குது புள்ள."

"பந்தல் விழக்குள்ளயும் பாத்ததுதானே."

படுத்தார். ஒவ்வொரு சில்லாகக் காற்று கொப்பளித்துக்கொண்டு வெளியே வந்தது. பெடல் கல்லாய் நின்றது. மறுநாள் மாப்பிள்ளை டட்சனில் பத்திரமாக வந்து சேர்ந்தார்.

வாப்பா திறப்பை ராத்தாவின் கையில் கொடுத்தார். அன்றிலிருந்து கார் தேவைப்பட்டால் மச்சான் ராத்தா சமைக்கும் குசினி வாசலில் வந்து திறப்புக் கேட்டு நிற்கிறார். வெளியில், பெண்சாதிக்கு இவ்வளவு மரியாதை கொடுக்கும் ஆள் இந்த ஊரில் தான் மட்டுமே என்று சொல்லித் திரிகிறார்.