முதல் டம்ளர் அப்பா

இயேசு உயிர்த்தெழக் கூடாது என்று முழங்கால் போட்டு வேண்டிக்கொண்ட பிள்ளை இந்தப் புதுச்சேரியிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அப்போது எனக்கு எட்டு வயதோ ஒன்பதோ. சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வந்தால், அன்றோடு அப்பா குடியை நிறுத்திவிடுவார். தவக்காலம் நாற்பது நாளும் தொடமாட்டார். அந்த வைராக்கியத்தைத் தெருவே மெச்சும். ஈஸ்டர் பூசை முடிந்து, மதியம் அம்மா கறியை இறக்கியதும், டம்ளர் மேஜைக்கு வந்துவிடும். அதன் பிறகு அடுத்த சாம்பல் புதன் வரை எங்கள் வீட்டில் எந்தத் தட்டு எப்போது பறக்கும் என்று தெரியாது.

ஆனாலும் ஈஸ்டர் சாப்பாட்டுக்கு என் நாக்கு அலையும். பெரிய சனிக்கிழமை காலையில் அப்பா பெரிய மார்க்கெட்டுக்குப் போய் பன்றிக்கறி வாங்கி வருவார். அம்மா பூண்டும் மிளகாயும் சீரகமும் வினிகர் விட்டு அரைத்து, கறியில் பிசறி, ஒரு நாள் ஊறவைப்பாள். மூடியைத் திறந்து திறந்து மோந்து பார்த்து நான் முதுகில் ஒன்று வாங்குவேன்.

அந்த மேஜையில் எனக்கு இன்னொரு ஆசையும் இருந்தது. இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. குடிக்காத நாற்பது நாளும் அப்பா உம்மென்று இருப்பார், நாலு வார்த்தை பேசமாட்டார். ஒரு டம்ளர் உள்ளே போனதும் மனிதர் மலர்ந்துவிடுவார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த பெரியப்பா மாதிரி டம்ளரைத் தூக்கி, உடம்பு நல்லா இருக்கட்டும் என்று பிரெஞ்சில் "சாந்தே" என்பார். பங்குச் சாமியார் பிரசங்கத்தில் இருமுவதை நடித்துக் காட்டுவார். கறியைப் பிய்த்து என் வாயில் ஊட்டுவார். மூன்றாவது டம்ளரில் அந்த அப்பா போய்விடுவார்.

இந்த வருஷம் பெரிய வெள்ளிக்கிழமை சென்னையிலிருந்து முதலியார்பேட்டை வீட்டுக்கு வந்தேன். அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. ஈரலைப் பற்றி டாக்டர் திட்டி அனுப்பியிருக்கிறார். நான் பெரிய புத்திசாலி அல்லவா, ஒரு திட்டம் போட்டேன். எப்படியும் ஈஸ்டரன்று ஆரம்பிக்கத்தான் போகிறார், கடைக்குப் போய் பிராந்தி குடிப்பதற்குப் பதில் வீட்டிலேயே ஒரு வைன் பாட்டிலோடு முடியட்டும் என்று. சனிக்கிழமை டவுனில் வாங்கி என் பையில் துணிக்கு அடியில் வைத்தேன். அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஞாயிறு மதியம் பாட்டிலை மேஜையில் வைத்ததும் அம்மாவின் கையில் கரண்டி அப்படியே நின்றது. என்னை அடுப்படிக்குள் இழுத்துப் போனாள்.

"ஈஸ்டருக்கு அப்புறமும் இப்டியே இருந்துடறேன்னு அவரே சொன்னாருடி. இத்தினி வருஷத்துல சொன்னதே இல்ல. கண்ணு பட்டுடும்னு உங்கிட்ட சொல்லல."

இன்று சாப்பாட்டோடு குடிக்க அவரே பன்னீர் சோடா வாங்கி வைத்திருந்தாராம். ஃப்ரிட்ஜில் நானும் பார்த்தேன். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

திரும்பி வந்தபோது அப்பா பாட்டிலைக் கையில் வைத்து லேபிளைப் படித்துக்கொண்டிருந்தார். இன்னும் திறக்கவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"எனக்கா பாப்பா?"

இல்லைப்பா, ஆபீஸில் ஒருவருக்கு என்று சொல்லியிருக்கலாம். பொய்தான், என்ன குறைந்துவிடும்? எல்லாம் தெரிந்த பிறகுதான் நான் சொன்னேன்.

"உனக்குத்தாம்ப்பா."

அவர் மனம் நோகும் என்று அப்படிச் சொன்னதாக அன்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன். அதெல்லாம் சும்மா. எனக்கு அந்த முதல் டம்ளர் அப்பா வேண்டியிருந்தது. நாற்பத்து நாலு வயதில், ஒரு மணி நேரத்துக்கு.

வந்தார். "சாந்தே" என்றார். இப்போதைய சாமியார் மைக்கைத் தட்டித் தட்டிப் பார்ப்பதை நடித்தார். கண்ணில் நீர் வர நான் சிரித்தேன். கறியைப் பிய்த்து என் தட்டில் வைத்தார். இரண்டாவது டம்ளரை நானே ஊற்றினேன், பாவி. அம்மா உட்காரவே இல்லை.

நாலு மணிக்கு பாட்டில் காலி. அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு, இதோ வந்துடறேன் என்று கிளம்பினார். எங்கே என்று கேட்கத் தேவையில்லை. கேட் வரை ஓடிப் போய்க் கூப்பிட்டேன். திரும்பாமலே கையை மட்டும் ஆட்டினார்.

உள்ளே வந்தேன். அம்மா மேஜையிலிருந்த கண்ணாடிச் சாமான்களை ஒவ்வொன்றாகத் துடைத்து பீரோவுக்குள் அடுக்கிக்கொண்டிருந்தாள். தப்பு பண்ணிட்டேம்மா என்று அழுதேன். அவள் திட்டவில்லை. பீரோவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகினாள்.

"நீ நாளைக்குக் காலைல பஸ் ஏறிடுவ," என்றாள். "நான்தான் இங்க இருக்கணும்."