பச்சையாகவே வந்த மூன்று நாட்கள்

பல்லடத்திலிருந்து திருப்பூர் போகும் தனியார் பேருந்தில் ஒரு நாள் காலை ஒருவர் என் பாதத்தின் மேல் ஏறி நின்றார். நான் முகத்தைச் சுளித்ததும் குனிந்து பார்த்துவிட்டு, "ஏனுங்க, காலைக் கொஞ்சம் எடுத்துக்கறீங்களா?" என்றார். எடுக்க வேண்டிய கால் அவருடைய காலுக்கு அடியில் இருந்தது. எங்கள் ஊரில் இப்படி நடந்திருந்தால் அவருடைய மூன்று தலைமுறையை நான் விசாரித்திருப்பேன், என் நான்கு தலைமுறையை அவர் விசாரித்திருப்பார், இறங்குவதற்குள் இருவரும் தூரத்துச் சொந்தம் என்று தெரிய வந்திருக்கும். இவ்வளவு மரியாதையாகக் கேட்பவரிடம் எப்படிச் சண்டை போடுவது? "பரவாயில்லை" என்று நானே மன்னிப்புக் கேட்கும் குரலில் சொல்லிவிட்டு, வீரபாண்டிப் பிரிவு வரை ஒற்றைக் காலில் வந்தேன்.

புலம்பெயர்ந்தவர்கள் எழுதும் கட்டுரையில் பனி பெய்ய வேண்டும் என்பது எனக்கும் தெரியும். என்னோடு பொறியியல் படித்தவர்கள் கனடாவிலிருந்து வாசலில் பனி அள்ளும் படத்தை அனுப்பி, ஊரை நினைத்து உருகுகிறார்கள். நான் பெயர்ந்தது தூத்துக்குடி மாவட்டத்து உடன்குடிப் பக்கத்திலிருந்து திருப்பூருக்கு. விசா கிடையாது, விமானம் கிடையாது, மொழியும் அதே மொழிதான் என்று சொல்லி அனுப்பினார்கள். இங்கே பனிக்குப் பதிலாகப் பஞ்சு பறக்கிறது. அதை யாரும் படமெடுத்து அனுப்புவதில்லை. எங்கள் தெருவில் பாதிப் பேர் எனக்கு முன்பே இங்கே தைக்க வந்தவர்கள். நான் படித்தவள் என்பதால் தைக்கவில்லை. தைக்கிற இடத்தில் சுவரில் மாட்டி வைக்கும் டேப்லெட்டுக்குச் சாஃப்ட்வேர் எழுதுகிறேன். "எம்மவ எஸ்தரு கம்ப்யூட்டர்ல தைக்கா" என்று அம்மா ஊரில் விளக்கி வைத்திருக்கிறாள். எட்டு வருடமாக நான் திருத்தவில்லை. கிட்டத்தட்ட சரிதான்.

எங்கள் அலுவலகம் லேபிள் அச்சடிக்கும் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது. மூன்று நாற்காலி, மூன்று பேர், பெயர்ப் பலகையில் மட்டும் 'குளோபல்' என்ற சொல். திருமுருகன்பூண்டியில் கைக்குழந்தைகளுக்கான பனியன் உடுப்பு தைக்கும் யூனிட் ஒன்று எங்களைக் கூப்பிட்டது. பக்கத்துப் பட்டறைகளில் சாமி சிலை செதுக்கும் உளிச் சத்தம், உள்ளே தையல் மெஷின்களின் சத்தம், இரண்டுக்கும் நடுவே அந்த முதலாளியின் மெல்லிய குரல். தைக்கும்போது ஊசி முனை ஒடிந்து துணிக்குள் தங்கிவிட்டால் அது குழந்தையின் உடம்பில் குத்தும். அதனால் தைத்த ஒவ்வொரு உருப்படியும் ஊசி கண்டுபிடிக்கும் மெஷினுக்குள் போய் வர வேண்டும். இவர்களிடம் இருந்த மெஷின் பழையது. உணரும் வேலையை ஒழுங்காகச் செய்யும், ஆனால் மணியும் விளக்கும் செத்துவிட்டன. வேறு மெஷின் வாங்குவதைவிட எங்களை வாங்குவது மலிவு. மெஷின் சொல்வதை வாங்கி, டேப்லெட்டில் பச்சை அல்லது சிவப்பு காட்டும் நிரலை நான் எழுதிக் கொடுத்தேன்.

அந்த மெஷினில் செக்கிங் பார்ப்பவர் ருக்மணியக்கா. குன்னத்தூரிலிருந்து தினமும் பஸ் ஏறி வருபவர். என்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர், என்னை 'மேடம்' என்பார். ஒரு பிளாஸ்டிக் அட்டைக்குள் பொடி இரும்புக் குண்டு ஒன்றை வைத்திருப்பார்கள். காலையில் முதல் வேலையாக அந்தக் கார்டை மெஷினுக்குள் விட்டுச் சிவப்பு வருகிறதா என்று பார்ப்பார், நோட்டில் எழுதுவார், பிறகுதான் துணியைத் தொடுவார். சிவப்பு வரும்போது அவர் முகத்தில் ஒரு திருப்தி தெரியும். எனக்கு அது வேடிக்கையாக இருக்கும்.

இப்போது என் தொழில் ரகசியம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பயப்பட வேண்டாம், சின்னதுதான். ஆண்ட்ராய்ட் டேப்லெட்டுக்கு நிரல் எழுதினால் மட்டும் போதாது. எந்தக் கோப்புகளைச் சேர்க்க வேண்டும், அவை எங்கே இருக்கின்றன, சேர்த்ததற்கு என்ன பெயர் என்று ஒரு பட்டியல் எழுதித் தர வேண்டும். அதற்கு மேக்ஃபைல் என்று பெயர். அதில் சில மாறிகளுக்கு மதிப்புக் கொடுப்போம். முதல் மாறி 'லோக்கல் பாத்', அதாவது நான் இருக்கும் இடம். அதை நாம் கையால் எழுத வேண்டியதில்லை. "நான் எங்கே இருக்கிறேன்?" என்று, பட்டியலைப் படித்துக் கோப்புகளைச் சேர்க்கும் கருவியையே கேட்கலாம், அது பதில் சொல்லும். ஆனால் அது சொல்வது, கடைசியாக எந்தப் பட்டியலைத் திறந்து படித்ததோ அந்தப் பட்டியல் இருக்கும் இடத்தை. ஆகவே அடுத்தவரை உள்ளே அழைப்பதற்கு முன்னால் கேட்டுவிட வேண்டும். அழைத்த பிறகு கேட்டால் அடுத்தவர் முகவரியைத்தான் சொல்லும், அதுவும் துளிச் சந்தேகமில்லாமல். கையேட்டில் இதற்கு எச்சரிக்கை உண்டு. கையேட்டைப் படிக்காமல் வேலை செய்வதற்குத்தான் எங்களுக்கு அனுபவசாலிகள் என்று பெயர்.

எங்களிடம் 'டெமோ' என்று ஒரு அடைவும், அதாவது ஃபோல்டரும், இருந்தது. புது முதலாளிகளிடம் காட்டும்போது ஊசி மெஷினைத் தூக்கிக்கொண்டு போக முடியாது அல்லவா? அதற்காக மெஷின் இல்லாமலே எப்போதும் பச்சை காட்டும் ஒரு பொய்க் கோப்பு. அசல் கோப்புக்கும் 'சென்சார்' என்று பெயர், பொய்க் கோப்புக்கும் அதே பெயர். பெயர் வைப்பதில் எனக்கு அவ்வளவு கற்பனை. ஒரு திங்கட்கிழமை காலை, யூனிட் திறப்பதற்கு முன்பே, பூண்டிக்குப் புது அப்டேட் அனுப்பினேன். பட்டியலின் நடுவே டெமோவையும் சேர்த்திருந்தேன், அதற்குக் கீழே மறுபடியும் "நான் எங்கே இருக்கிறேன்?" என்று கேட்டு, அசல் கோப்பைச் சேர்த்திருந்தேன். ஒரு எச்சரிக்கைகூட வராமல் வேலை முடிந்தது. அப்படி முடிந்தால் நாங்கள் எங்களைப் புத்திசாலிகள் என்று நினைத்துக்கொள்வோம். அன்று மதியமே ருக்மணியக்கா போனில் கூப்பிட்டார்.

"மேடம், நானுங்க, பூண்டி யூனிட்டு ருக்மணிங்க. புதுசாப் போட்டது நல்லா இருக்குதுங்க. எல்லாமே பச்சையாவே வருதுங்க."

"ரொம்ப சந்தோஷம்க்கா."

"செவப்புங்கறதே இல்லீங்க."

"நல்லதுதானக்கா. தையல் சுத்தமா இருக்குன்னு அர்த்தம்."

"ஒருக்கா இந்தப் பக்கம் வந்தீங்கன்னா டீ குடிச்சுட்டுப் போலாமுங்க மேடம்."

"இந்த வாரம் வேலை கிடக்குக்கா. அடுத்த மாசம் வாறேன்."

"செரிங்க" என்று வைத்துவிட்டார். வாடிக்கையாளர் தானாகக் கூப்பிட்டுப் பாராட்டிய சரித்திரம் எங்கள் அலுவலகத்தில் கிடையாது. மற்ற இருவருக்கும் போண்டா வாங்கிக் கொடுத்தேன். மறுநாளும் அக்கா கூப்பிட்டார். மறுபடியும் பச்சை, மறுபடியும் டீ. வேலை நேரத்தில் டீக்கு ஆள் தேடும் இவரை எப்படி வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

புதன்கிழமை முதலாளியே கூப்பிட்டார். போனேன். மின்விசிறி போட்டு, தண்ணீர் கொடுத்து, பயணம் சௌகரியமா என்று விசாரித்துவிட்டு அவர் விஷயத்துக்கு வந்தார். ருக்மணியக்கா சுவரோரம் நோட்டை நெஞ்சோடு பிடித்தபடி நின்றிருந்தார்.

"ஒண்ணுமில்லீங்க மேடம். நம்ம அக்கா உங்க மெஷினை நம்ப மாட்டேங்கறாங்க. பச்சை வந்தாலும் ஒவ்வொரு பீஸையும் கையில தடவித் தடவிப் பாக்கறாங்க. மூணு நாளா லைன் நின்னு போச்சுங்க. சாஃப்ட்வேர் செரியா இருக்குதுன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா, அக்காவை ஊட்ல ரெஸ்ட் எடுத்துக்கச் சொல்லிரலாமுங்க."

ஒருவரை வேலையை விட்டு இவ்வளவு நயமாக நீக்கி நான் கேட்டதில்லை. எங்கள் பக்கத்தில் என்றால் செருப்பாவது பறந்திருக்கும், பாதிக்கப்பட்டவருக்கு விஷயம் உறுதியாகத் தெரிந்திருக்கும். "சாஃப்ட்வேர் சரியாத்தான் சார் இருக்கு" என்றேன். யோசிக்கவே இல்லை. இதை எழுதும்போதும் அந்த வாக்கியத்தை நினைத்து எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ருக்மணியக்கா முன்னால் வந்தார். "மேடம், வந்தது வந்துட்டீங்க. இந்தக் கார்டை உங்க கையாலயே ஒருக்கா விட்டுப் பாக்கறீங்களா?" என்று கார்டை நீட்டினார். மெஷினுக்குள் விட்டேன். பச்சை. திருப்பி விட்டேன். பச்சை. என் கைக்கடிகாரத்தைக் கழற்றி விட்டேன். அதற்கும் பச்சை. அக்கா நோட்டைத் திறந்து காட்டினார். மூன்று நாளும் காலையில் 'கார்டு விட்டேன், பச்சை' என்று குண்டு குண்டான எழுத்தில் இருந்தது. அதற்குக் கீழே ஒட்டும் டேப்புக்குள் கண்ணுக்குச் சட்டென்று தெரியாத ஒரு ஊசி முனை. ஒரு குட்டிச் சட்டையின் கழுத்துப் பட்டையில் அன்று காலைதான் அவர் விரல் கண்டுபிடித்தது.

அங்கேயே மடிக்கணினியைத் திறந்தேன். பட்டியலைப் பார்த்த அரை நிமிடத்தில் தெரிந்துவிட்டது. டெமோவை அழைத்த பிறகு நான் இடம் கேட்டதால், கருவி டெமோவின் முகவரியைச் சொல்லி, அசல் சென்சாருக்குப் பதிலாக டெமோ சென்சார் போயிருக்கிறது. மூன்று நாளாக அந்த டேப்லெட் மெஷினைக் கேட்கவே இல்லை, தன்பாட்டுக்குப் பச்சை காட்டிக்கொண்டிருந்தது. இந்த மாதிரி நேரத்துக்கென்றே எங்கள் தொழிலில் சொற்கள் உண்டு. 'வெர்ஷன் இஷ்யூ' எனலாம், 'நெட்வொர்க்' எனலாம், கேபிள் மேல் பழி போடலாம். முதலாளிக்கும் புரியாது, பதவிசாகத் தலையாட்டுவார். ஆனால் புரியாத காரணத்துக்காக ஒரு மெஷினை மன்னிப்பார்கள், லைனை நிறுத்திய பெண்ணை மன்னிப்பார்களா என்று எனக்கு நிச்சயமில்லை. அக்கா என்னைப் பார்க்கவில்லை, அந்த டேப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், தப்பு எம்மேலதான். மெஷின் மேலயும் இல்ல, அக்கா மேலயும் இல்ல. நான் தப்பான கோப்பச் சேத்துட்டேன். அக்கா கைய வச்சுப் பாக்கலன்னா இந்த ஊசி போயிருக்கும்" என்றேன். எட்டு வருடம் அமுக்கி வைத்திருந்த ஊர்ப்பேச்சு அப்படியே வெளியே வந்தது.

முதலாளி "பரவாயில்லீங்க" என்றார். ருக்மணியக்காவைப் பார்த்து, "நீங்க போயி உங்க எடத்துல நில்லுங்கக்கா" என்றார். அவ்வளவுதான். மன்னிப்பா, உத்தரவா என்று அக்காவும் கேட்கவில்லை. அவர் இடம் அவருக்குக் கிடைத்துவிட்டது.

பட்டியலின் முதல் வரியிலேயே என் இடத்தைக் கேட்டு, வேறொரு பெயரில் பத்திரப்படுத்தி வைத்தேன். யார் உள்ளே வந்தாலும் அது மாறாது. டெமோவைத் தூக்கி எறிந்தேன். கார்டை விட்டதும் சிவப்பு வந்தது. அந்தச் சிவப்பைப் பார்த்து எனக்குக் கண் கலங்கியது. அக்கா இல்லாத மற்ற ஷிப்டில் பச்சையை மட்டும் நம்பிக் கட்டி வைத்திருந்த பெட்டிகளை எல்லாம் பிரித்து மறுபடி மெஷினில் விட்டார்கள். இன்னொரு முனை கிடைத்தது. அது கப்பல் ஏறியிருந்தால் யாருடைய பிள்ளை, எந்த ஊரில், எதற்கென்று தெரியாமல் அழுதிருக்கும் என்ற நினைப்பு இன்னும் என்னை விடவில்லை.

வேலை முடிந்ததும் அக்கா டீ வாங்கி வந்தார். "போன்லயே சொல்லியிருக்கலாம்லக்கா?" என்றேன்.

"ரெண்டு நாளும் சொன்னேனுங்களே மேடம்."

"டீ குடிக்கத்தான வரச் சொன்னீங்க?"

"ஆமாங்க. நீங்க படிச்சவங்க. தப்புன்னு மூஞ்சிக்கு நேரா எப்படீங்க சொல்றது? டீன்னாப் புரிஞ்சுக்குவீங்கன்னு நெனச்சேனுங்க." ஆற்றிக்கொண்டே, "உங்களுக்கு எந்த ஊருங்க?" என்றார். சொன்னேன். "அப்படீங்களா! பேச்சு நம்மூராட்டவே இருக்குதுங்க. இன்னைக்கு உள்ள பேசுனீங்களே, அதுதானுங்க புதுசா இருந்துச்சு."

கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போனால் அத்தைமார் இதையே மாற்றிச் சொல்வார்கள். "என்னட்டி, கோயம்புத்தூர்க்காரி கணக்கா இழுக்க?" என்பார்கள். "நான் எங்கே இருக்கிறேன்?" என்று கருவியிடம் முதலிலேயே கேட்கக் கற்றுக்கொண்டவள், அதை என்னிடம் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. ஏகப்பட்ட பேரை உள்ளே சேர்த்த பிறகு இப்போது கேட்டால் எந்தப் பதில் வரும் என்று எனக்குத் தெரியாது.

முதலாளியின் 'பரவாயில்லீங்க'வுக்கும் பிறகு அர்த்தம் தெரிந்தது. அவருடைய இரண்டாவது யூனிட்டுக்கும் எங்களைப் போடுவதாக இருந்தார். "அப்பறம் பேசிக்கலாமுங்க" என்றார். அந்த அப்புறம் இன்றுவரை வரவில்லை. அலுவலகத்தில் மூன்று நாற்காலி இரண்டாகலாம் என்ற பேச்சு வந்துவிட்டது. யாருடைய நாற்காலி என்று யாரும் சொல்லவில்லை. மரியாதையாக நடத்துகிறார்கள், போண்டா வாங்கி வந்து முதலில் எனக்குத் தருகிறார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து கோவிலிலிருந்து வந்ததும் அம்மா போனில் கூப்பிட்டாள். "ஏட்டி, எப்படி இருக்க?"

"நல்லாத்தாம்மா இருக்கேன். எல்லாம் நல்லாத்தான் போவுது." நாற்காலிப் பேச்சைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். "ஒருக்கா இந்தப் பக்கம் வந்தியன்னா டீ குடிச்சிட்டுப் போலாம்."

அம்மா சிரித்தாள். "கூறுகெட்டவளே, ஒரு டீக்கா இம்புட்டு தூரம் வரச் சொல்லுத? இங்கன சோலி கெடக்கு. அடுத்த மாசம் பாப்போம், வைக்கட்டுமா?"

வைத்துவிட்டாள். ருக்மணியக்காவாக இருந்திருந்தால் அடுத்த பஸ்ஸில் ஏறியிருப்பார்.