மத்தாப்பு லேபிளோடு ஒரு பிஹெச்.டி. நேர்காணல்

2006-ம் வருடக் கோடை. விருதுநகரில் எம்.எஸ்ஸி. இயற்பியல் முடித்துவிட்டு, ஆமத்தூரில் எங்கள் வீட்டில் சும்மா இருந்தேன். அப்போது வெளியூர்ப் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து பிஹெச்.டி. நேர்காணலுக்குக் கடிதம் வந்தது. நானோ அளவில் பொருள்கள் எப்படி நடந்துகொள்கின்றன என்று கம்ப்யூட்டரிலேயே உருவாக்கிப் பார்க்கும் ஆராய்ச்சி. ஏற்கெனவே ஒரு நேர்காணலில் வாயே திறக்காமல் திரும்பி வந்தவள் நான். இதுவும் போனால் பட்டாசு கம்பெனி ஆபீஸ் வேலைக்குக் கிளம்பு என்று அம்மா கறாராகச் சொல்லிவிட்டார்.

செய்யப்போகும் ஆராய்ச்சியை ஒரே தாளில் படமாகக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். அலுமினியத் துகள் ஒன்றின் அணுக்களை உருண்டை உருண்டையாகப் பென்சிலில் வரைந்தேன். சிவகாசி அச்சகத்தில் பட்டாசு லேபிள் அடிக்கும் என் அண்ணன், பெரிதாக அச்சடித்துத் தருவதாக அதை வாங்கிக்கொண்டான். சாப்பிடும்போது ஒவ்வொன்றாக விசாரித்தான். உள்ளே இருக்கும் அணுவுக்குச் சுற்றிலும் துணை உண்டு, ஓரத்து அணுவுக்கு ஒரு பக்கம் ஆளில்லை, அதனால் அது சும்மா இருக்காது என்றேன். உம் கொட்டிக்கொண்டே சாப்பிட்டான்.

ரயில் கிளம்பும் நேரத்தில்தான் தாளைச் சுருட்டி எடுத்துவந்து ஜன்னல் வழியாகக் கொடுத்தான். கசங்கிவிடும் என்று நானும் பிரிக்கவில்லை. நேர்காணல் அறையில்தான் பிரித்தேன். கருநீல வானம், நடுவே மஞ்சளும் சிவப்புமாகத் தகதகவென்று என் அணுக்கள். அடியில், எல்லா லேபிளுக்கும் போடுகிற வழக்கத்தில், 'பெரியவர்கள் முன்னிலையில் கொளுத்தவும்' என்று வேறு! பாவி, காரியத்தையே கெடுத்தானே என்று மனசுக்குள் திட்டித் தீர்த்தேன்.

எதிரே இருந்த மூன்று பேராசிரியர்களில் தமிழ் தெரிந்தவர் அந்த வரியை மற்றவர்களுக்கு மொழிபெயர்த்துச் சொல்ல, ஒரே சிரிப்பு. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பயம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

"பெரியவங்க முன்னிலையிலதான சார் நிக்கிறேன்" என்றேன்.

பிறகு ஒருவர் கூர்ந்து பார்த்து, ஓரத்து அணுக்கள் மட்டும் ஏன் சிவப்பு என்று கேட்டார். அப்போதுதான் நானே கவனித்தேன். என் பென்சில் படத்தில் அந்த வித்தியாசமே கிடையாது. துகள் சிறுக்கச் சிறுக்க ஓரத்து அணுக்களின் பங்கு கூடும், எங்கள் ஊரில் நைசாகப் பொடித்த அலுமினியம் சட்டென்று பற்றிக்கொள்வதும் அதனால்தான் என்று ஆரம்பித்தவள், அரைமணி நேரம் நிறுத்தவில்லை.

அன்று மாலையே இடம் உறுதி என்று சொல்லிவிட்டார்கள். எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடி அச்சகத்துக்குப் போன் போட்டேன். அண்ணன் குரலைக் கேட்டதும் அழுகைதான் வந்தது.

"அழுவாத பிள்ளே. இது போனா போகுது. அடுத்த இன்டர்வியூக்கு இதைவிடப் பெருசா அடிச்சுத் தாரேன்" என்றான்.

அதன்பின் படித்தவர்கள் எத்தனையோ பேரிடம் என் ஆராய்ச்சியை விளக்கியிருக்கிறேன். எட்டாம் வகுப்போடு நின்றுவிட்ட என் அண்ணன் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டதுபோல யாரும் கேட்டதில்லை, அவனையா அன்று திட்டினேன் என்று இன்றைக்கும் மனசு குறுகுறுக்கிறது.